சலேத்மேரியின் குறை

இன்னாசி செத்து ஒரு வருசம் முடியப்போகிறது. மனிதர் இன்னும் வீட்டை விட்டுப் போனபாடில்லை. விடியற்காலைக் கனவில் வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறார். கனவில் எப்போதும் மழை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர்பாட்டுக்குப் பாக்கு உரித்துக்கொண்டிருப்பார். உரித்த கொட்டையைக் கூடையில் போடப் போட அது நிறைவதே இல்லை. சலேத்மேரி கதவைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். உள்ளே வாங்க என்று அவளும் சொல்வதில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்பதில்லை. அந்தக் கனவில் ஒரு விசேஷம் உண்டு. கேட்காமல் போன அவளுடைய இடது காது அங்கே நன்றாகக் கேட்கும். ஓட்டின் மேல் விழுகிற மழையை இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டு நிற்பாள். விழித்ததும் பாதி மழை நின்றுபோகும்.

எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். வெளியே உண்மையாகவே தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவரும் இல்லை.

சம்மனசுபாளையம் தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலைக்கு நெருக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். ஊரின் தலைமாட்டில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் கோயில், கால்மாட்டில் கல்லறை, நடுவில் ஓட்டு வீடுகள், சுற்றிலும் பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும். ஐப்பசி பிறந்துவிட்டால் மலை இருக்கிற இடமே தெரியாது. மேகம் இறங்கி வந்து தோப்புக்குள் நடமாடும். எதிரில் வருவது ஆளா, மாடா, ஒற்றை யானையா என்று கிட்டத்தில் வந்தால்தான் தெரியும். யானை இறங்கியிருந்தால் செல்போனில் ஊர்க் குரூப்பில் செய்தி வந்துவிடும். செத்தவர் வந்தால் ஒரு செய்தியும் வருவதில்லை. அதுதான் தொந்தரவு.

திருமலைசாமியின் தோப்பில்தான் சலேத்மேரிக்கு வேலை. தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு பலகை, பலகையில் நிமிர்த்திப் பதித்த கத்தி. பச்சைப் பாக்கை அதில் குத்தி ஒரு திருப்புத் திருப்பினால் மட்டை பிளந்து கொட்டை மடியில் விழும். பிறகு அண்டாவில் கொதிக்கிற செந்தண்ணீரில் வெந்து, வெயிலில் காய்ந்து, சந்தைக்குப் போகும். உரிக்கிற கைகளில் கறை ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. கோயிலில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போது, சம்மனசுபாளையத்துப் பெண்களின் உள்ளங்கை எல்லாம் ஒரே நிறத்தில் கறுத்திருக்கும்.

மாரியாத்தாள் எப்போதும் சலேத்மேரியின் வலதுபக்கத்தில்தான் உட்காருவாள். இடதுபக்கம் உட்கார்ந்து பேசினால் சுவரோடு பேசுகிற கதைதான்.

"ஏனம்மிணி, இன்னைக்கும் வந்தாராக்கு உங்கூட்டுக்காரரு?"

"வந்தாருங்க்கா. உக்காந்திருந்தாரு, போயிட்டாரு."

"எதாச்சும் கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கலீங்க."

"கேக்காம உக்காந்திருக்கற ஆளுதான் நெம்ப மோசம். எங்கள்ல இப்புடி வந்தாங்கன்னா, கோழியறுத்து, புடிச்சதையெல்லாம் ஆக்கிப் படைச்சுப்போட்டா போயிருவாங்க. உங்கள்ல என்ன பண்ணுவீங்க?"

"பூசை வெப்போமுங்க. வேண்டிக்குவோம். உத்தரிக்கிற எடத்துல கெடக்கற ஆத்துமா நம்ம வேண்டுதலுக்காகக் காத்துக்கிட்டே இருக்குமாமா."

"அதென்னம்மிணி எடம்?"

"மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம, செஞ்ச தப்புக்கு வெந்து சுத்தமாகிற எடமுங்க. சுத்தமானாத்தான் மோட்சத்துக்குள்ள உடுவாங்க."

மாரியாத்தாள் கொட்டகை மூலையில் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம பாக்கு வேகறாப்பலன்னு சொல்லு."

"ஆமாங்க்கா. அப்புடித்தான்."

"அப்ப நீ வேண்டிக்கிட்டு வெளிய எடுத்துப்போட வேண்டீதுதான? எத்தன நாளைக்குத்தான் வேகும், பாவம்."

சலேத்மேரியின் கை கத்தியருகே நின்றது. "வேகட்டுமுங்க" என்றாள். சொன்ன பிறகு தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே பயமாகப் போயிற்று. அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த பாக்கை எடுத்தாள். மாரியாத்தாள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் காது எப்படிப் போனது என்று ஊரில் தெரிந்த ஒரே வெளியாள் அவள்தான்.

இன்னாசியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. பாக்கு மரம் ஏறுவதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு மரத்தில் ஏறினால் கீழே இறங்காமலே மரத்துக்கு மரம் தாவி ஒரு வரிசையை முடித்துவிடுவார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் குழி வெட்ட முதல் ஆள் அவர். கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவதும், பெரிய வெள்ளியன்று ஆண்டவர் பட்ட பாடுகளின் பாட்டைப் பாடி ஊரையே அழவைப்பதும் அவர்தான். வீட்டுக்குள் வந்ததும் சட்டையோடு சேர்த்து அந்த ஆளையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். குழம்பில் உப்புக் கூடினால் ஒன்று, வாசலில் நின்று யாரோடாவது சிரித்துவிட்டால் ஒன்று. அடித்துவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்து பீடி பிடிப்பார். மன்னிப்பு என்ற பேச்சு மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. போன ஐப்பசியில் மரத்திலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான்.

சனிக்கிழமை அவருக்கு வருசப் பூசை. சம்மனசுபாளையத்தில் வருசப் பூசைக்கு இன்னொரு வழக்கம் சேர்ந்திருக்கிறது. வேறு எந்த ஊர்க் கோயிலிலும் அது கிடையாது. வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில், கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் ஊர் இரண்டாகக் கிடந்தபோது ஏற்பட்டது என்பார்கள். செத்து ஒரு வருசம் வரைக்கும் மண்மேட்டில் மரச்சிலுவைதான். வருசப் பூசை அன்றுதான் கல் நடுவார்கள். நடுவதற்கு முன்னால் உபதேசியார், அதாவது சாமியாருக்கு அடுத்தபடியாக ஊரில் செபம் நடத்துகிறவர், கல்லறைக்கு முதுகைக் காட்டி நின்று மூன்று தடவை கேட்பார்: செத்தவர் மேல் யாருக்காவது குறை இருக்கிறதா? இல்லை, பொறுத்தோம் என்று ஊர் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை வீட்டார் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கல் நிமிரும். குறை இருந்தால் சொல்லலாம். செத்தவர் வீட்டார் அதைத் தீர்த்துவைக்க வேண்டும். கிணற்றில் என் முறையைத் திருப்பிவிட்டார் என்று ஒருவர் சொல்லி, அந்த வருசம் முழுக்க அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். எங்கள் நாயை உதைத்துக் காலை ஒடித்துவிட்டார் என்று ஒரு கிழவி சொல்லி, அவளுக்குக் குட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரி குறை சொன்னதாகக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அந்த வார்த்தையைத் தான் எப்படிச் சொல்லப்போகிறோம் என்பதுதான் சலேத்மேரியின் கவலை. சொல்லாவிட்டால் அவர் அந்த மழையிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நம்பினாள். சொன்னால் அது பொய்.

அன்று பொழுதோடு மதலைமுத்து வந்தார். இன்னாசியின் அண்ணன். பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே.

"அம்மணி, கல்லு வந்திருச்சு. திருமுருகன்பூண்டில சொல்லிச் செஞ்சது. சாமி சிலை செதுக்கற ஆளுங்க. சிலுவை அப்புடி வந்திருக்குது, பாத்தியின்னா கண்ணை எடுக்கமாட்டே."

"செரீங்க மாமா."

"மட்டன் சொல்லிப்போட்டேன். ஒறம்பரையெல்லாம் வாராங்க, சென்னிமலைல இருந்து சித்தப்பன் ஊட்டாளுங்களும் வாராங்க. மூணாவது கேள்விக்கு நீயே சத்தமாச் சொல்லிரு, என்ன? ஊட்டுக்காரி சொன்னாத்தான் எடுப்பா இருக்கும்."

"நான் சொல்லாட்டி என்னாகுமுங்க?"

மதலைமுத்து சிரித்தார். "நீ சொல்லாம? உனக்கென்ன கொறை அம்மணி? ஊடு கட்டிக் குடுத்தான், பையனைப் படிக்கவெச்சான். அவனைப் போல ஒருத்தன் இந்த ஊருல உண்டா?" சிரிப்பு பாதியில் எங்கேயோ தடுக்கியது. அவர் நடுச்சுவரைப் பார்த்தார். பிறகு மழை வலுக்கிறது என்று சொல்லி எழுந்துகொண்டார்.

மகன் பெலிக்ஸ் துடியலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். வேலை முடிந்து பைக்கில் நனைந்து வந்தவனுக்கு அரிசியும் பருப்பும் சுடச்சுடப் போட்டு, மேலே நெய் விட்டாள். அவன் பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, பெரியப்பன் சொன்னாரு. நீ யோசிக்கிறியாமா?"

"ஆமா கண்ணு."

"எனக்குந் தெரியும்மா. நானும் பாத்தவன்தான். கட்டலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டுக் காதைப் பொத்திக்குவேன். ஆனா அதே ஆளுதான் என்னையத் தோளுல தூக்கிக்கிட்டு மலையடிவாரத்துப் பூண்டி வரைக்கும் நடந்தாரு. காய்ச்சல்ல கெடந்தப்போ மூணு நாளு தூங்காம உக்காந்திருந்தாரு. அவரு அங்க கஷ்டப்படறாருன்னா எனக்குத் தாங்கலம்மா. ஒத்த வார்த்தைதான? சொல்லிரும்மா."

"ஒத்த வார்த்தைதான் கண்ணு. அவரும் எங்கிட்ட ஒத்த வார்த்தை சொல்லீருக்கலாம்."

பெலிக்ஸ் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். மகன் மேல் இரக்கம் பொங்கியது. ஆனாலும் அவனுக்காகக்கூட அந்த வார்த்தை தொண்டைக்கு மேலே ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் கோயிலைக் கூட்டப் போனாள். சாமியார் சின்ன வயசு, ஊட்டிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. முகப்பில் தேங்கிய மழைத்தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே பனிமூட்டம் சன்னல் வழியாக நுழைந்து, பீடத்துக்கு முன்னால் சாம்பிராணிப் புகையாட்டம் மிதந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? சிரிக்கக் கூடாதுங்க."

"கேளுங்கம்மா."

"எங்கூட்டுக்காரரு மோட்சத்துக்குப் போயிட்டாருன்னு வெச்சுக்கங்க. பின்னால ஒருநாளு நானும் போகோணும். ஆண்டவரு என்னையும் சேத்துக்கிட்டாருன்னா, அங்கயும் நான் அவருகூடத்தான் குடும்பம் நடத்தோணுமுங்களா?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இல்லம்மா. அங்க கல்யாணம், குடும்பம் எதுவும் கிடையாது. ஆண்டவரே சொல்லியிருக்கார்."

"நெசமாலுமுங்களா?"

"நிஜமாத்தாம்மா."

சலேத்மேரி நீளமாக மூச்சு விட்டாள். ஒரு வருசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரத்தில் ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய தைரியத்தில் அடுத்ததையும் கேட்டாள்.

"அடி வாங்குனது நானுங்க. காது போனது எனக்கு. என்னையக் கேக்காம ஆண்டவரு எப்புடிங்க அவரை மன்னிக்கலாம்? நான் மன்னிக்க வேண்டாம்னு சொல்லலீங்க. ஒரு வார்த்தை, 'ஏம்மா சலேத்து, மன்னிக்கட்டுமா'ன்னு கேட்டா என்னங்க? ஊருல ஒரு வரப்பு வெட்டுனாக்கூடப் பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கேக்கறாங்க."

சாமியார் படியில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். அவள் தூணோரம் நின்றாள்.

"மன்னிக்கிறதுன்னா, ஒண்ணுமே நடக்கலன்னு சொல்றது இல்லம்மா" என்றார். "உயிர்த்து எழுந்ததுக்கு அப்புறமும் ஆண்டவர் கையில ஆணிக் காயம் இருந்துச்சு. அவர் நினைச்சிருந்தா அது இல்லாம வந்திருக்கலாம். அதோடதான் வந்தார். வந்து காட்டினார். அவரோட இரக்கம் காயத்தை மூடி மறைக்கிற இரக்கம் இல்ல."

"அப்ப என்ற காது போனது ஆண்டவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்மா."

"எங்கூட்டுக்காரரை அதக் கேட்டிருப்பாருங்களா?"

"கேட்டுக்கிட்டு இருப்பார்னு நினைக்கிறேன். நீங்க உத்தரிக்கிற ஸ்தலம்னு சொல்றீங்களே, அது அதுதானோ என்னமோ. உங்களுக்கு என்ன செஞ்சார்னு அவருக்கே புரியற வரைக்கும் ஆண்டவர் முன்னால உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முழுசாத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்."

வெளியே தென்னந்தோப்புக்குள் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. மாடும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

"சனிக்கெழம நான் என்னத்தச் சொல்றதுங்க சாமி?"

"என்ன சொல்லணும்னு நான் சொல்ல முடியாது. கல்லறைக்கிட்ட நின்னு பொய் மட்டும் சொல்லாதீங்க."

சனிக்கிழமை விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு மூட்டம். பூசை முடிந்து, சிலுவை முன்னால் போக, ஊர் பின்னால் நடந்தது. முன்னால் போகிறவர்களின் பாட்டு மட்டும் கேட்டது. பாடுகிறவர்கள் மேகத்துக்குள் போய்விட்டார்கள். இந்தப் பாட்டை எடுத்துக் கொடுக்க இன்னாசி இல்லையே என்று இரண்டு பெண்கள் சத்தமாகவே அழுதார்கள். அதைக் கேட்டுச் சலேத்மேரிக்கும் அழுகை வந்தது. அவர் பாடும்போது அவளும் அழுதிருக்கிறாள். அது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லறையில் புல் முழங்கால் உயரம் நனைந்து நின்றது. மண்மேட்டின் தலைப்பக்கம் புதுச் சிலுவைக்கல் படுத்திருந்தது. குழியும் தோண்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் கடப்பாரையோடு பெலிக்ஸ். ஊர் அரைவட்டமாக நின்றது. உபதேசியார் சந்தியாகு கல்லறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மெலிந்த மனிதர், குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"இங்க படுத்திருக்கற இன்னாசி மேல ஆருக்காச்சும் கொறை இருக்குதுங்களா?"

"இல்லீங்க, பொறுத்தோமுங்க" என்றது ஊர்.

"இருந்தாச் சொல்லிப்போடுங்க. மண்ணுக்குள்ள இருக்கறவன் பதில் சொல்லமாட்டான், ஊட்டாளுங்க சொல்லுவாங்க. கொறை இருக்குதுங்களா?"

"இல்லீங்க, பொறுத்தோமுங்க."

உபதேசியார் வீட்டார் பக்கம் திரும்பினார். "ஊட்டாளுங்களே, உங்களுக்குக் கொறை இருக்குதுங்களா?"

மதலைமுத்து அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெலிக்ஸ் கடப்பாரையை இறுக்கிப் பிடித்தான். சலேத்மேரியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கும்பலில் யாரோ இருமினார்கள். அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு பெண் அவள் முதுகைத் தடவினாள்.

"எனக்குக் கொறை இருக்குதுங்க" என்றாள் சலேத்மேரி.

மதலைமுத்துதான் முதலில் பதறினார். "அம்மணி, என்ன பேச்சு இது? ஒறம்பரையெல்லாம் நிக்கறாங்க."

"கொறை கேக்கறப்போ ஊடால பேசக் கூடாதுங்க" என்று உபதேசியார் அவரை அடக்கினார். வழக்கம் வழக்கம்தான். "சொல்லுங்கம்மிணி. என்ன கொறை?"

"பெலிக்ஸு சின்னப் பையனா மொதமொதல்ல நன்மை வாங்குன புதுநன்மை நாளுங்க. சோறு சித்தெ வேகாமப் போச்சு. வெளிய பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு. நீங்கல்லாம் சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க. உள்ள அவரு என்னைய அடிச்சாரு. அன்னைக்குப் போன காதுங்க இது. அதுக்கு முன்னாலயும் அடிச்சாரு, பின்னாலயும் அடிச்சாரு. ஒருநாளும் தப்புன்னு சொல்லலீங்க."

மூச்சு வாங்கினாள்.

"ஊருக்கு அவரு நல்லவரு. அது பொய்யின்னு நான் சொல்ல வரலீங்க. நீங்க சொல்ற இன்னாசியும் நெசம், நான் சொல்ற இன்னாசியும் நெசம். ரெண்டு பேருத்தையும்தான் இங்க பொதைச்சிருக்குது."

உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலைகுனிந்து நின்றார். வழக்கப்படி கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது. அதைக் கேட்டார்.

"செத்தவரு ஊட்டாளுங்க உங்களுக்கு என்ன செய்யோணுமுங்க?"

"அவரு ஊட்டாளுங்கன்னா நானும் என்ற பையனும்தானுங்க. நானே குடுத்து நானே வாங்கிக்க முடியுங்களா?" என்றாள். "சாமி மண்ண மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்கட்டுமுங்க. ஆண்டவரு அவருக்கு இரக்கம் காட்டறதுக்கு நான் குறுக்க நிக்கல. நாளைக்கு எனக்கும் அதே வேணுமில்லீங்க? ஆனா நான் பொறுத்துட்டேன்னு மட்டும் என்ற சார்புல ஆரும் சொல்லிப்போடாதீங்க. பொறுக்கறன்னைக்கு நானே வந்து சொல்றேன். அது வரைக்கும் கல்லு இப்புடியே கெடக்கட்டும்."

சாமியார் முன்னால் வந்தார். தீர்த்தத்தை எடுத்து மண்மேட்டின் மேல் தெளித்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, திரும்பி அவள் மேலும் தெளித்தார். தீர்த்தமும் தூறலும் அவள் முகத்தில் ஒன்றாக வழிந்தன. பெலிக்ஸ் கடப்பாரையைக் கீழே வைத்தான். அவளுடைய இடதுபக்கம் நின்றிருந்தவன், சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்து, "போலாமாம்மா?" என்றான். அவன் கோபமாக இருக்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சின்னப் பையனைப் போல அழுதுகொண்டிருந்தான்.

ஆக்கிய சோற்றை என்ன செய்வது? ஊர் வந்து உட்கார்ந்தது. மட்டன் குழம்பு மணத்தது, பச்சைப்பயிறு கடைசல் இருந்தது, சோறு பதமாக வெந்திருந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் போடுங்க என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சில பெண்கள் கை கழுவிய பிறகு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சென்னிமலைக்காரர் ஒருவர் மட்டும், குடும்ப விசயத்தைச் சந்தியில் போட்டு உடைக்கலாமா என்று முனகிக்கொண்டே இரண்டாவது எலும்பைக் கடித்தார்.

எல்லோரும் போன பிறகு மதலைமுத்து அடுக்களைக்கு வந்தார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அம்மணி" என்றார். அவர் நின்ற இடம் இடதுபக்கம். அவளுக்குக் கேட்கவில்லை. அது அவருக்குப் புரிந்தது. பயந்துகொண்டே உள்ளே வந்து, சுற்றிப் போய், மறுபக்கம் நின்றார்.

"அம்மணி, உன்ற சத்தம் எங்கூட்டுக்குக் கேக்கும். எப்பவும் கேக்கும். கேட்டா நான் டிவிய எச்சா வெச்சிருவேன்."

"தெரியுமுங்க மாமா. அந்தப் பக்கம் டிவிச் சத்தம் ஏறறது எனக்கும் கேக்கும். அட, ஆருக்கோ கேட்டிருச்சு, இப்ப கதவைத் தட்டுவாங்கன்னு நெனைச்சுக்குவேன்."

மதலைமுத்து சுவரில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "தப்பு அம்மணி. நான் செஞ்சது தப்பு. தம்பிகிட்டக் கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல. என்னையப் பொறுத்துக்கோ."

"பொறுத்தேனுங்க மாமா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று சலேத்மேரிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருசமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த வார்த்தை இதுதானா என்று இருந்தது. அவர் கேட்டார், அவள் கொடுத்தாள். அவ்வளவுதான் விசயம். கேட்க வேண்டிய இன்னொருத்தர் வாய்தான் மண்ணுக்குள் கிடந்தது. அவள் எழுந்து தட்டைக் கழுவிச் சோறு போட்டாள்.

கல் அன்றிலிருந்து புல்லுக்குள் படுத்தே கிடக்கிறது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது, கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டினார்கள், கல் நிமிரவில்லை. கல்லறைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. ஒன்றிரண்டு வீடுகளில் ஆண்கள் கை ஓங்கும்போது அந்தக் கல் ஞாபகத்துக்கு வருவதாக மாரியாத்தாள் சொல்லித்தான் கேள்வி. கனவு நின்றுவிட்டதா என்று அவள் கேட்டதற்கு, வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு என்றாள் சலேத்மேரி. தோப்புக்குப் போகிற வழி கல்லறையை ஒட்டித்தான். தினமும் காலையில் சலேத்மேரி உள்ளே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவாள். மாரியாத்தாள் வெளியே வேலியோரம் நின்று காத்திருப்பாள்.

"ஏனம்மிணி, டெய்லி உள்ள போயி அப்புடி என்னத்தச் சொல்றே?"

"இன்னும் பொறுக்கலீங்கன்னு சொல்லீட்டு வாரேனுங்க்கா."

"இல்லைன்னு சொல்றதுக்கு டெய்லி போகோணுமா? எங்கூட்டுக்காரரைப் பொதைச்ச எடத்துக்கு நான் போயி எத்தனையோ வருசமாச்சு. நெம்ப நல்ல மனுசன் அவரு."

"நான் போகாட்டி அவருக்கு எப்புடிங்க்கா தெரியும்? காத்துக்கிட்டு இருப்பாரில்ல."

மார்கழிப் பனியில் ஒருநாள், தோப்பும் பாதையும் ஒன்றாக வெளுத்துக் கிடந்தபோது, அவள் வழக்கம்போல உள்ளே போனாள். மண்மேட்டில் முளைத்திருந்த புல்லை இரண்டு கைப்பிடி பிடுங்கிப் போட்டாள். கல்லுக்காகப் பிடுங்கி ஒதுக்கியிருந்த மரச்சிலுவையை நேராக்கி நட்டாள். சித்தநேரம் பேசாமல் நின்றாள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னைக்கும் முடியலீங்க" என்றாள். "நாளைக்கு வாரேன்."